இருபத்து மூன்று பல்லிகள்

2025 மார்ச் 18, செவ்வாய்

நூற்றிருபது பக்கக் கொப்பி. சட்டத்தரணி மங்கையற்கரசி மிஸ்தான் வாங்கச் சொன்னார். "நிலோஜன், நடந்ததைத் திகதி போட்டு எழுதி வையும். ஆறு மாசம் கழிச்சு நீதவான் கேட்டா ஒண்டுக்கு ரெண்டாச் சொல்லப்படாது."

"உண்மையை எழுதோணுமா மிஸ்?"

"நீர் எனக்குச் சொன்னதை எழுதும்."

அவருக்குச் சொன்னது இது. பெப்ரவரி 26ஆம் திகதி ஒரு வெள்ளைக்காரர் என் வானை வாடகைக்குப் பிடித்தார். பெயர் பீட்டர் என்றார். கரடியனாற்றுக்கு அப்பால் மலைப்பக்கம் போக வேண்டும் என்றார். நான் வானை மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளேயே படுத்திருந்தேன். அவர் தனியாகப் போய்த் தனியாக வந்தார். என்ன பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது வனஜீவராசிகள் அதிகாரிகள் மறித்தார்கள். அவருடைய பைக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகள். இருபத்து மூன்று பல்லிகள்.

பல்லி பிடித்ததற்கு மனிதனைப் பிடிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பதினான்கு நாள் விளக்கமறியல். பிறகு பிணை. என் கடவுச்சீட்டு நீதிமன்றில். வான் அதிகாரிகளின் முற்றத்தில். மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஞாயிறு தோறும் காலையில் பொலிசில் கையெழுத்து.

டோகாவில் ஒரு ஹோட்டலில் சாரதி வேலைக்கு விசா வந்து கிடக்கிறது. ஜூன் முப்பதுக்குள் அங்கே நிற்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

கையெழுத்து. "பல்லி வந்திட்டாரா?" என்று சார்ஜன்ட் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 29, சனி

வானில்லாத சாரதிக்கு என்ன வேலை? மாமாவின் வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மேனுகாவைக் கட்டிக்கொண்டு களுதாவளைக்கு வந்தேன். வீடு அவளுடையது, தோட்டம் அவளுடைய அப்பா வேலப்போடியுடையது. எனக்கென்று இருந்தது அந்த வான் ஒன்றுதான்.

மாமா ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் கஷ்டம். கொடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, "தண்ணி காணும் மருமகன், நிப்பாட்டுங்க" என்பார். அவ்வளவுதான்.

மேனுகா முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். இன்றைக்கு ஒரு பிள்ளை அவளைக் கேட்டதாம்: "ரீச்சர், உங்கட வீட்டுப் பல்லி மாமா ஜெயிலுக்கா போனவர்?" சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

வழக்குத் தவணை. பத்து நிமிடம்கூட இல்லை. மே 22க்கு ஒத்திவைத்தாயிற்று.

பீட்டர் முதல் வாரத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டத்தைக் கட்டி, விமானம் ஏறிவிட்டார். ஒப்புக்கொண்டவன் தன் வீட்டில் இருக்கிறான். சுற்றவாளி, குற்றம் செய்யவில்லை என்று சொன்ன நான் இந்த விறாந்தை வாங்கில் இருக்கிறேன்.

அதே வாங்கில் ஒரு பெண் கோப்புகளோடு வந்து அமர்ந்தார். காத்தான்குடிக்காரர். கைறுன்னிஸா என்று பெயர், கம்பஸில் விலங்கியல் விரிவுரையாளர். பெட்டிகளில் இருந்தவை என்ன பல்லி என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அவர்தான். உயிரோடு உள்ளவையும் அவருடைய பொறுப்பில்தான் இருக்கின்றன.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "மிஸ், ஒரு பல்லிக்காகக் கடல் தாண்டியும் வருவாங்களா?"

"வருவாங்க. வேற ஆருட்டயும் இல்லாதது தன்னட்ட இரிக்கோணும் எண்ட ஆசை."

"எங்கட சுவரில எத்தினையோ ஓடுதே."

"அது ஊர் சுத்தி" என்று சிரித்தார். "மரத்தில, கப்பல்ல, கொள்கலத்தில ஒட்டிக்கிட்டு அவுஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் போயிட்டு. சில இனத்துட முட்டை கோது இறுக்கமானது. வெள்ளத்தில விழுந்த மரத்தோட சேர்ந்து மிதந்து கடலைக் கூடத் தாண்டியிருக்கு. மனுசன் வாறதுக்கு எவ்வளவோ முன்னால."

பர்மாவில் மரப்பிசினுக்குள் அகப்பட்ட ஒரு பல்லியின் கால் கிடைத்ததாம். பத்துக் கோடி வருடப் பழையது. டைனோசர் திரிந்த காலம். விரலின் அடியில் இருக்கும் கோடுகள்கூட அப்படியே தெரிகிறதாம்.

"ஆனா நீங்க கொண்டு வந்தது..."

"நான் கொண்டு வரல்ல மிஸ்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி. பெட்டிக்குள்ள இருந்தது. அது பகல்ல திரியிற பல்லி. இந்தியாவோட நிலம் தொடுத்திருந்த ஒரு காலத்தில அதுட முன்னோர் இஞ்ச வந்திருக்கு. புறகு மலை மலையா ஒதுங்கி, ஒவ்வொரு பாறையிலயும் வேற வேற இனமாப் போயிட்டு. இடையில இரிக்கிற வயலையும் காட்டையும் அதால தாண்ட ஏலா. அந்தப் பாறைய விட்டா அதுக்கு உலகத்தில வேற இடமே இல்ல."

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். மூலிகை மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளித்தோம். மாமா இன்றைக்குத்தான் முழுதாக ஒரு வசனம் பேசினார்: "வாற வருசம் இந்நேரம் டோகாவில நிப்பீங்க மருமகன், யோசிக்காதீங்க."

மே 6, செவ்வாய்

கம்பஸுக்குப் போனேன். இரண்டு பஸ். ஏன் போனேன் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

கண்ணாடித் தொட்டிகளில் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பல்லிகள் என் சின்னவிரல் நீளம்கூட இல்லை. வீட்டுப் பல்லியின் கண்ணில் நெட்டுக்குக் கோடு விழும், இவற்றின் கண்மணி வட்டம். இமை கிடையாது. ஒன்று நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்தது.

பத்தொன்பதுதான் இருக்கின்றன. நான்கு செத்துப் போய்விட்டன.

"சாப்பாடு குடுக்கிறம், ஈரம் குடுக்கிறம். ஒண்டும் சரிவருகுதில்ல" என்றார் கைறுன்னிஸா மிஸ். "திருப்பி விடோணும். எங்க விடுறது? அந்த வெள்ளைக்காரன் குளக்கட்டுப் பாறை எண்டு எழுதிக் குடுத்திருக்கான். நான் போய்ப் பார்த்தன். அங்க இரிக்கிற பல்லி வேற. இடத்தை மறைக்கப் பொய் சொல்லியிருக்கான். இடம் வெளிய தெரிஞ்சா வேற ஆக்களும் வந்து பிடிப்பாங்க எண்டு."

பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா தம்பி, எந்தப் பாறை எண்டு?"

"நான் வானுக்குள்ள படுத்திருந்தன் மிஸ்."

தலையை ஆட்டினார். நம்பினாரா, தெரியவில்லை.

மே 7, புதன்

மங்கையற்கரசி மிஸ் ஃபோனில் ஏசினார். எதிர்த்தரப்புச் சாட்சியைப் போய்ப் பார்க்கிற மடையனை இப்போதுதான் காண்கிறாராம்.

மே 9, வெள்ளி

இதை எழுதிவிட்டால் இந்தக் கொப்பியை மங்கையற்கரசி மிஸ்ஸிடம் காட்ட முடியாது. எழுதாவிட்டால் இருக்க முடியவில்லை.

நான் வானுக்குள் படுத்திருக்கவில்லை.

பீட்டர் ஃபோனில் ஒரு படம் காட்டினார். சாம்பல் நிறம், கழுத்தடியில் மஞ்சள். இதை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நான் உடனே, ஓம், தெரியும் என்றேன். ஏன் சொன்னேன்? காசுக்காக இல்லை, வாடகை முதலே பேசியாயிற்று. இவ்வளவு தூரம் படித்துவிட்டு வந்த மனிதனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்ற புளுகம், அந்தப் பெருமைதான். என்னைத் தோளில் தட்டினார். சேர் என்றுகூடக் கூப்பிட்டார்.

குடைப்பாறை. நான் பிறந்த ஊரின் பின்னால் இருக்கிறது. மேலே கல் கவிந்து, கீழே நான்கைந்து பேர் ஒடுங்கக்கூடிய பிளவு. 2007இல் ஷெல் விழத் தொடங்கியபோது அப்பா, அம்மா, நான் மூன்று நாள் அதற்குள் கிடந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. சத்தம் போடாதே என்று அம்மா என் வாயில் கையை வைத்தபடியே இருந்தார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பகலில் பல்லிகள் எறும்பு பிடிக்க வரும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். எங்களுக்கு அவை பயப்படவே இல்லை. வெள்ளை முட்டைகள் கல்லில் ஒட்டி வரிசையாக இருந்தன.

அந்த இடத்துக்குத்தான் அவரைக் கூட்டிப் போனேன். பிளவுக்குள் ரோர்ச் வெளிச்சம் பிடித்தது நான். அவர் பெட்டி மூடியைத் திறக்க, கையால் அணைத்து உள்ளே தள்ளியது நான். முட்டையும் வேண்டும் என்றார். கத்தியைத் தந்தார். சுரண்டினேன். ஒட்டிய முட்டை கழலாதாம், இப்போது கைறுன்னிஸா மிஸ் சொல்லித்தான் தெரியும். ஆறும் உடைந்தன. ஒன்றுக்குள் குஞ்சு இருந்தது, கால் ஆடியது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

இதைத்தான் யாருக்கும் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

கையெழுத்து.

மே 22, வியாழன்

தவணை. மறுபடியும் தள்ளி, ஜூன் 12. அரச தரப்பிடம் என் மேல் வேறு சான்று இல்லையாம். மங்கையற்கரசி மிஸ்ஸுக்குச் சந்தோஷம். "அடுத்த தவணையில விடுவிக்கச் சொல்லிக் கேக்கிறன். கடவுச்சீட்டு கையில வரும். நீர் வாயைத் திறக்காட்டிப் போதும்."

வெளியே கைறுன்னிஸா மிஸ். பதினைந்து, என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"மிஸ், ஆராவது ரகசியமா இடத்தைச் சொன்னா?"

"ரகசியம் உதவாது. வழக்குப் பொருள் அது. நீதிமன்றம் கட்டளை போட்டாத்தான் கொண்டுபோய் விடலாம். கட்டளை போடுறதெண்டா, பிடிச்ச இடம் இதுதான் எண்டு ஆராவது மன்றில சொல்லோணும். இல்லாட்டி வெள்ளைக்காரன் எழுதின இடத்திலதான் விடச் சொல்லுவாங்க. அங்க விட்டாச் சாகும். சாகாட்டி அங்க இரிக்கிறதோட கலந்து ரெண்டும் கெட்டுப்போகும்."

மே 25, ஞாயிறு

கையெழுத்து போட்டுவிட்டு வந்து மேனுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த முட்டையையும் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"சொல்லப் போறீங்களா?"

"தெரியா."

"ரெண்டு வருசத்தில என்னையும் டோகாவுக்கு எடுக்கிறன் எண்டீங்க. நான் இந்த வீட்டில பிறந்து, இந்த வீட்டில வளந்து, இந்த வீட்டிலயே கலியாணம் முடிச்சு... கல்முனைக்கு அங்கால ஒரு இடம் பார்த்தது கிடையா. பல்லிக்கு இடம் இல்லையாம், இடம் இல்லையாம் எண்டு கவலப்படுறீங்களே. எனக்கு?"

துருவலைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு மற்றப் பாதியை எடுத்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

வெளிநாட்டு வேலை முகவர் மர்சூக் காத்தான்குடியிலிருந்து ஃபோன். முப்பதாம் திகதிக்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாதாம். "கேஸ் முடிஞ்ச உடனே பாஸ்போட்டோட ஓடி வாங்க. கேஸ்ல குத்தவாளி எண்டு மட்டும் வந்திரப்படாது, பொலிஸ் றிப்போட் கேப்பாங்க."

ஜூன் 8, ஞாயிறு

கையெழுத்து. கைறுன்னிஸா மிஸ்ஸுக்கு நானே எடுத்தேன். பதினொன்று.

ஜூன் 10, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து சூடாக அடிக்கிறது. கொடிக்கெல்லாம் ஓலை மறைப்புக் கட்டினோம். வாயைத் திறக்காவிட்டால் போதும். இரண்டே நாள். வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு வேலையா? சின்ன வயதிலேயே பழகியதுதானே.

பதினொரு பல்லி. அதில் என்ன கிடக்கு? பத்துக் கோடி வருசம் இருந்த சாதி, நான் இல்லாட்டியும் இருக்கும். கடலைத் தாண்டின சாதி. இல்லை, அது வேற பல்லி. இது தாண்டாது. இதுக்குத் தாண்டத் தெரியாது. ஐயோ, எனக்கு ஏன் இந்த இழவெல்லாம் தெரியவேணும்? தெரியாம இருந்த நேரம் நல்லா இருந்தனே.

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மங்கையற்கரசி மிஸ் எழுந்து, என் கட்சிக்காரருக்கு எதிராகச் சான்று எதுவும் இல்லை என்று தொடங்கியிருந்தார். கூண்டின் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். கை தானாக உயர்ந்தது என்று எழுதினால் பொய். நான்தான் உயர்த்தினேன்.

"ஐயா, எனக்கு ஒண்டு சொல்லோணும்."

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உமது சட்டத்தரணியுடன் கதைத்தீரா?"

"இல்ல ஐயா."

பத்து நிமிடம் தந்தார். விறாந்தையில் மிஸ் என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். "இன்னும் அரை மணித்தியாலத்தில நீர் வீட்ட போயிருப்பீர். விளங்குதா?"

"விளங்குது மிஸ்."

"புறகு என்னத்துக்கு?"

"ஒன்பதுதான் இரிக்காம். கம்பஸ் மிஸ் காலையில சொன்னாங்க."

மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். முப்பது வருடம் வழக்குப் பேசியவர். "எனக்குப் பொய்தானே சொன்னனீர்?" என்றார்.

"ஓம் மிஸ்." குடைப்பாறை, தோளில் தட்டியது, என் புளுகம், எல்லாவற்றையும் அவசரமாகச் சொன்னேன்.

"சரி. குற்றவாளி எண்டு மட்டும் சொல்லும். வெள்ளைக்காரன் தட்டினது, புளுகம், அந்தக் கதையொண்டும் வேண்டாம். பாறையை நான் கேட்டு எடுக்கிறன்."

உள்ளே போய்ச் சொன்னேன். பிடித்த இடம் எது என்று மிஸ் கேட்டார். குடைப்பாறை என்றேன். எப்படித் தெரியும் என்று நீதவான் கேட்டார். ஷெல்லுக்கு ஒளித்திருந்த இடம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் எழுதினார்.

தண்டம். இரண்டு வருடச் சிறை, ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பு. வான் அரசுடைமை. பல்லிகளை நான் காட்டும் இடத்தில் விடக் கட்டளை.

கடவுச்சீட்டைக் கையில் தந்தார்கள். புத்தம் புதியது. ஒரு முத்திரைகூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மேனுகாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சோறு போட்டு வைத்தாள். எதிரில் இருந்து நான் சாப்பிட்டு முடியும்வரை பார்த்தாள்.

ஜூன் 13, வெள்ளி

மேனுகா பேசவில்லை.

ஜூன் 14, சனி

பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

குடைப்பாறைக்குப் போனோம். இரண்டு அதிகாரிகள், கைறுன்னிஸா மிஸ், நான். ஜீப் ஏறாத இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. பெட்டிகளை நான்தான் சுமந்தேன், ஈரத்துணி சுற்றி. கேட்டு வாங்கிச் சுமந்தேன்.

எட்டு. வழியில் ஒன்று முடிந்துவிட்டது.

பிளவு முன்பு இருந்ததைவிடச் சிறியதாகத் தெரிந்தது. பெப்ரவரியில் வந்தபோது இதைக் கவனிக்கவே இல்லை. மிஸ் ரோர்ச் அடித்துக் கல்லை மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்றார். கல்லில் ஆறு வெள்ளை வட்டங்கள், ஓரங்கள் பிய்ந்து.

"இது தானாப் பொரிச்சது இல்ல" என்றார். "கத்தி பட்டிருக்கு."

"நான்தான் மிஸ்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வட்டங்களைப் படம் எடுத்தார், நீளம் அளந்தார், கொப்பியில் குறித்தார்.

மூடிகளைத் திறந்தோம். ஏழு பல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் ஏறி ஓடிவிட்டன. சாம்பல் கல்லில் சாம்பல் பல்லி, இரண்டு அடி போனதும் காணவில்லை. எட்டாவது மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. திறந்த வாசலைப் பார்த்தபடி. கால் மணி நேரம். ஓர் அதிகாரி கவிழ்த்துக் கொட்டிவிடலாம் என்றார். மிஸ் வேண்டாம் என்றார். காத்திருந்தோம். பிறகு அது வெளியே வந்து, கண்ணைத் துடைத்து, நடந்தே போனது. ஓடவில்லை.

இறங்கும்போது மிஸ் சொன்னார்: "எட்டில அஞ்சு பெட்டை. திரும்பப் பெருகுறதுக்குக் காணும் எண்டு நினைக்கிறன். நினைக்கிறன், அவ்வளவுதான். நிச்சயமாத் தெரியா."

ஜூன் 22, ஞாயிறு

எழும்பி முகம் கழுவி, பொலிஸ் வாசல்வரை போய்விட்டேன். சார்ஜன்ட் கண்டுவிட்டார். "இனி வரத் தேவையில்ல தம்பி" என்றார். பல்லி என்று கூப்பிடவில்லை.

ஜூன் 30, திங்கள்

பிள்ளையார் கோயில் திருவிழா ஒலிபெருக்கி. மேனுகா கோயிலுக்குப் போனாள். நான் தோட்டத்தில். டோகாவின் கடைசித் திகதி இன்றைக்கு.

மாலையில் மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார். "மருமகன், எங்கட ஆக்களும் ஷெல் அடிச்ச அந்த வருசம் ஓடினவங்கதான்" என்றார். இருவரும் வெற்றிலை அடுக்கினோம்.

ஜூலை 13, ஞாயிறு

மேனுகா பேசுகிறாள். உப்பு காணாது, தண்ணி வராது, அந்தளவில். இன்றைக்கு மர்சூக்கின் இலக்கத்தைக் கேட்டாள். எதற்கு என்றேன். தாங்க என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

டோகாவில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையம். முன்பள்ளி டிப்ளோமா உள்ள பெண்கள் வேண்டுமாம். மர்சூக் அனுப்பிய படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மேனுகா சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய கடவுச்சீட்டு புதன்கிழமை வந்தது. படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்கட எழுத்துத்தான் வடிவு. எழுதுங்க."

பெயர். பிறந்த திகதி. படிப்பு. உயரம். ஒவ்வொன்றாகச் சொன்னாள், எழுதினேன். மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போகாதே என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் இருந்தது. எதை வைத்துச் சொல்வது?

"எத்தினை வருசம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு. புறகு பார்ப்பம்."

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். ஏதாவது அவசரம் என்றால் யாருக்கு அறிவிப்பது. பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமாட பேரைப் போடவா?" என்று கேட்டேன்.

"அப்பாக்கு ஃபோன் எடுக்கவே தெரியா" என்றாள். பிறகு, "உங்கட பேரைப் போடுங்க. வடிவாத் தெரியிற மாதிரிப் பெரிசா எழுதுங்க."

எழுதினேன்.